தோட்டத்துல சபை ஊழியம் தொடங்குறது எப்படி: நம்ம சின்ன சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டவுன்ல இருக்க நம்ம மெதடிஸ்த சபைகள்ல நெறைய பேருக்கு ஆசை இருக்கு, மலையகத்து தேயிலைத்தோட்டத்துல மேல இருக்க டிவிசனுக்கு (தோட்டத்தோட ஒரு பிரிவு) போகணும், லயத்துல (தொழிலாளருங்க இருக்க வரிசை வீடுகள்ல) ஒரு ஜெபக்கூட்டம் வைக்கணும், பிள்ளைகளுக்கு எதாவது செய்யணும்னு. ஹட்டன் பக்கமும் சரி பதுளை பக்கமும் சரி, இப்படி கிளம்பி போன புது ஆட்கள் எங்க தடுக்கி விழுறாங்கன்னு நான் கிட்ட இருந்து பார்த்திருக்கேன். பெரும்பாலும் மனசுல குறை இல்ல, வேலை செய்ற வரிசைதான் தப்பா போயிருது, மூணாவது செய்ய வேண்டியத மொதல்ல செஞ்சிட்டு அப்புறம் ஏன் யாரும் வரலன்னு கேக்குறாங்க. அதனால இத வரிசைப்படியே படிங்க, நடுவுல தாவாதீங்க.

1. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியவை

மொதல் வேலை சேகர முகாமைக்குருகிட்ட, அதாவது நம்ம பக்கத்து சபைங்க சேர்ந்த சேகரத்துக்கு பொறுப்பான ஐயாகிட்ட, பேசுறது. ஐயாவுக்கு தெரியாம ஆரம்பிச்சா நாளைக்கு திருவிருந்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் யாரும் வர முடியாது, அதோட அதே தோட்டத்துல வேற சபை ஏற்கனவே வேலை செய்யுதான்னு அவருக்குத்தான் தெரியும். ஒரே லயத்துல ரெண்டு சபை போட்டி போடுறது ரொம்ப கவலையான விசயம், அந்த சனங்களுக்கு அது தேவையே இல்ல.

ரெண்டாவது ஆள். குறைஞ்சது 5 பேர் ஒரு வருசத்துக்கு வர்றேன்னு சொல்லணும், அதுல ரெண்டு பேராவது பெண்கள். ஏன்னா நீங்க போற நேரத்துல வீட்டுல இருக்கிறது அம்மாமாரும் வயசானவங்களும்தான், வெறும் ஆம்பளைங்க கூட்டமா போய் லயத்து வாசல்ல நின்னா யாரும் உள்ள கூப்பிட மாட்டாங்க, கூப்பிடவும் கூடாது.

மூணாவது போக்குவரத்து காசு. ஒரு தடவை போய் வர பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் எவ்வளவு ஆகும்னு உண்மையா கணக்கு போட்டு, மாசம் ஒரு தடவைன்னு வருசத்துக்கு 12ஆல பெருக்குங்க. அந்த தொகை சபையால முடியலன்னா மாசம் ஒரு தடவைக்கு பதிலா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைன்னு இப்பவே முடிவு பண்ணுங்க.

நான் ஏன் இத இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, முதல் தடவை ஒரு லயத்துக்கு போனப்ப இஸ்தோப்புல (முன் விறாந்தையில) குந்தியிருந்த ஒரு பாட்டி கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு. "அடுத்த மாசமும் வருவீங்களா தம்பி, இல்ல போட்டோ புடிச்சிட்டு போயிருவீங்களா?" அவங்க எத்தனை பேர பார்த்திருந்தா அந்த கேள்வி வந்திருக்கும்.

2. அனுமதி: மூணு கதவு தட்டணும்

தோட்டம்ங்கிறது ஊர் மாதிரி இல்ல, அங்க ரோடு, லயம், மைதானம் எல்லாம் நிர்வாகத்துக்கு கீழ. அதனால மொதல்ல தொரைகிட்ட (தோட்ட அத்தியட்சகர்) சேகரத்து லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் குடுங்க. எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர், என்ன செய்யப்போறீங்கன்னு சுருக்கமா எழுதினா போதும், வேலை நேரத்துல வர மாட்டோம்னு ஒரு வரி கட்டாயம் சேருங்க.

ரெண்டாவது தோட்டத்து தொழிற்சங்க தலைவர்மார். தொரை ஓக்கே சொல்லிட்டாருன்னு நேரா லயத்துக்கு போற தப்பை நெறைய பேர் செய்றாங்க. தொழிலாளர் பக்கம் யாருக்குமே சொல்லாம நீங்க உள்ள வந்தா தொரையோட ஆளுங்கன்னு நெனப்பாங்க. ஒரு தோட்டத்துல ரெண்டு மூணு சங்கம் இருக்கும், எல்லா தலைவரையும் பாருங்க, ஒருத்தர மட்டும் பார்த்தா மத்தவருக்கு கோவம் வரும்.

மூணாவது கோயில் கமிட்டி. இத விட்டுட்டா மத்த ரெண்டும் வீண். தோட்டத்துல பெரும்பாலானவங்க இந்துக்கள், மாரியம்மன் கோயில் அவங்க வாழ்க்கையோட நடுவுல இருக்கு. நேரா போய் உக்காந்து, நாங்க மெதடிஸ்த சபையில இருந்து வர்றோம், எங்க ஆளுங்க 6 குடும்பம் இங்க இருக்கு, அவங்களுக்கு ஆராதனை வைக்கப்போறோம், பிள்ளைங்களுக்கு வகுப்பு வச்சா எல்லா பிள்ளைங்களும் வரலாம், வகுப்புல மதம் பேச மாட்டோம்னு வாயால சொல்லுங்க. அப்புறம் திருவிழா தேதிய கேட்டு எழுதிக்கோங்க. தேர் வர்ற நாள்ல நீங்க ஸ்பீக்கர் வச்சா உங்க வேலை அன்னைக்கே முடிஞ்சிரும். காமன் கூத்து நடக்குற நாட்கள், தீபாவளி, பொங்கல் எல்லாத்தையும் உங்க காலண்டர்ல குறிச்சி வைங்க.

3. மூணு மாசம் கூட்டம் வைக்காதீங்க, வீடு வீடா போங்க

புது ஆட்களுக்கு பொறுக்காத இடம் இதுதான். ஆனா இந்த மூணு மாசத்த தாண்டினா கிடைக்கிறது வேற எதிலயும் கிடைக்காது.

ஒரு வீட்டுக்கு ரெண்டு பேரா போங்க. லயத்து அறை ஒண்ணு 10க்கு 12 அடி, அதுலயே சமையல், படுக்கை, பிள்ளைங்க புத்தகம் எல்லாம், 5 பேர் உள்ள போனா வீட்டுக்காரங்க வெளிய நிக்கணும். பிளேன்டீ குடுத்தா குடிங்க, வேணாம்னு சொல்லாதீங்க. சீனி இல்லாம பக்கத்து வீட்டுல வாங்கி போட்டுக்கூட குடுத்திருப்பாங்க.

நேரம் முக்கியம். அந்தி கொழுந்து நிறுத்து முடிச்சிட்டு அம்மாமார் வீட்டுக்கு வர்றப்ப 5 மணி ஆயிரும், அப்புறம் தண்ணி, விறகு, சமையல். 5 மணிக்கு போய் நின்னா மரியாதைக்கு அடுப்ப விட்டுட்டு வந்து உக்காருவாங்க, மனசெல்லாம் அடுப்புல இருக்கும். ஆறரைக்கு மேல போங்க, எட்டுக்குள்ள இறங்கிருங்க. இருட்டுல தேயிலைக்குள்ள நடக்காம ரோட்டு வழியா வாங்க, சிறுத்தை நடமாட்டம் இருக்க பக்கம்னா லயத்து ஆளுங்களே எந்த வழின்னு சொல்லுவாங்க, அத கேளுங்க.

சம்பள நாள் சாயங்காலம் போகாதீங்க. கடன் குடுத்தவங்க வருவாங்க, சில வீட்டுல குடிச்சிட்டு சண்டை நடக்கும், அத வெளியாளு பாக்குறது அந்த குடும்பத்துக்கு அவமானம்.

ஞாயித்துக்கிழமை காலையில எல்லாரும் வீட்டுல இருப்பாங்கன்னு நெனைக்கிறதும் தப்பு. ஏப்ரல் மே மாதிரி கொழுந்து கூடின மாசத்துல ஞாயிறும் கைக்காசுக்கு (பறிச்ச கொழுந்துக்கு தனியா காசு கிடைக்கிற வேலைக்கு) போவாங்க. அத குறையா பேசாதீங்க, அந்த காசுலதான் பிள்ளைக்கு சப்பாத்து வாங்குறாங்க.

கையில ஒரு கொப்பி வச்சிக்கோங்க, ஆனா வீட்டுக்குள்ள எழுதாதீங்க. முன்னாடி உக்காந்து எழுதினா கணக்கெடுக்க வந்த ஆபிசர்னு நெனச்சி பேச்சு மாறிரும். இறங்கி வந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்து எழுதுங்க: எந்த வீடு, என்ன சொன்னாங்க, யாரு படுக்கையில, யாரு மாசமா இருக்காங்க, எந்த பிள்ளை ஸ்கூலுக்கு போகல.

4. ஒரே ஒரு வேலையை எடுங்க

மூணு மாசத்துல கொப்பி நெறஞ்சிரும், எல்லாத்தையும் செய்யணும்னு தோணும். ஒண்ண மட்டும் எடுங்க. எது நெறைய வீட்டுல திரும்ப திரும்ப வந்துச்சோ, எது உங்க 5 பேரால முடியுமோ அது.

எங்க அனுபவத்துல ரொம்ப பிரயோசனமானது ஆவண வேலை. அரிசி மூட்டை குடுத்தா 10 நாள், ஒரு அடையாள அட்டை எடுத்து குடுத்தா அந்த ஆளுக்கு ஆயுசு முழுக்க. அதுக்கு காசும் பெருசா வேணாம், பொறுமையும் ஒழுங்கான ஃபைலும் போதும்.

வரிசை இப்படி. மொதல்ல பிறப்பு அத்தாட்சி பத்திரம் இருக்கான்னு பாருங்க, அது இல்லாம மேல எதுவும் நகராது. பிறந்து 3 மாசத்துக்குள்ள பதியாம விட்டிருந்தா பிரதேச செயலகத்துல மேலதிக மாவட்ட பதிவாளர்கிட்ட காலம் கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கணும். அதுக்கு ஆதாரம் கேப்பாங்க, பாடசாலை பதிவு, ஜாதகம், ஞானஸ்நான சர்டிபிகட் மாதிரி. இங்கதான் நம்ம சபை ரெஜிஸ்டர் எவ்வளவு முக்கியம்னு விளங்கும். 40 வருசத்துக்கு முந்தின ஞானஸ்நான பதிவுல அம்மா பேரு சரியா எழுதியிருந்ததால ஒரு அக்காவோட வேலை ஓடிச்சு, அதே பக்கத்துல இன்னொருத்தருக்கு பிறந்த தேதி எழுதாம விட்டதால அந்த பக்கம் அவருக்கு உதவல. இன்னைக்கு நீங்க எழுதுற ரெஜிஸ்டரையும் அந்த யோசனையோட எழுதுங்க.

அடுத்தது அடையாள அட்டை. 15 வயசு முடிஞ்சா எடுக்கலாம். தோட்டத்துல இருக்கவங்களுக்கு விண்ணப்பத்த தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்தணும், ஸ்கூல் பிள்ளைங்களுக்கு அதிபர், மத்தவங்களுக்கு கிராம உத்தியோகத்தர். இத தெரியாம கிராம உத்தியோகத்தர் ஆபிஸ் வாசல்ல ஒரு நாள் பேரை (அன்னைக்கு வேலைய, சம்பளத்த) இழந்து நின்னவங்க நெறைய. ஃபோட்டோ பதிவு செஞ்ச ஸ்டூடியோவுலதான் எடுக்கணும், சும்மா ஃபோட்டோ கொண்டு போனா திருப்பிருவாங்க. ஓ லெவல் எழுதுற பிள்ளைங்களுக்கு அட்டை வேணும், பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கப்ப ஓடாம பத்தாம் வகுப்புலயே ஆரம்பிங்க.

பேரு பொருந்தாதது தனி தலைவலி. ஒரு அம்மா, 30 வருசத்துக்கு மேல கொழுந்து பறிச்சவங்க, சேமலாப நிதி எடுக்க போனா பேரு சரியில்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மேசையில மூணு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சி பார்த்தோம். அடையாள அட்டையில பேரு 'யி'னு முடியுது, பிறப்பு பத்திரத்துல 'அம்மா'ன்னு முடியுது, செக்ரோல்ல (தோட்டத்து வேலை, சம்பள பதிவுல) லயத்துல கூப்பிடுற சின்ன பேரு. அவங்க கையில தேயிலைச்சாயம் ஏறி வெடிச்ச விரலால ஒவ்வொண்ணா தொட்டு "இது மூணும் நான்தானே"ன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் 8 மாசம் ஆச்சு. அதனால வீடு வீடா போறப்பவே எல்லா தாளையும் ஒண்ணா வச்சி எழுத்து எழுத்தா பாருங்க, காசு எடுக்குற வயசு, பெண்களுக்கு 50, ஆம்பளைங்களுக்கு 55, வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க.

ஒரிஜினல் பத்திரத்த ஒரு நாளும் உங்ககிட்ட வச்சிக்காதீங்க. ஃபோட்டோகாப்பி எடுத்துட்டு அன்னைக்கே திருப்பி குடுங்க. ஆபிஸுக்கு போறப்ப அந்த ஆளையும் கூட்டிட்டு போங்க, நீங்களே எல்லாத்தையும் பேசிறாதீங்க, அடுத்த தடவை அவங்க தனியா போகணும்.

5. பிள்ளைங்க வகுப்பு வச்சா

வாரத்துல ஒரு நாள், ஒண்ணரை மணி நேரம், ஒரே நாள் ஒரே நேரம். பிள்ளைமடுவமோ (தோட்டத்து பிள்ளை பராமரிப்பு நிலையம்) பழைய ஸ்கூல் கட்டிடமோ கேட்டு வாங்குங்க. எப்பவும் ரெண்டு பெரியவங்க இருக்கணும், கதவு தொறந்திருக்கணும், எந்த பிள்ளையையும் தனியா எங்கயும் கூட்டிட்டு போகக்கூடாது, பெத்தவங்க கையெழுத்து இல்லாம ஃபோட்டோ ஃபேஸ்புக்குல போடக்கூடாது. நம்ம ஆளுங்கதானேன்னு இதுல ஒண்ணையும் தளர்த்தாதீங்க. எந்த பிள்ளையாவது அடிபடுதுன்னு தெரிஞ்சா 1929க்கு அடிங்க, நீங்களே விசாரிக்க போகாதீங்க.

இந்த வகுப்புல ஜெபம், பைபிள் கதை வேணாம். கோயில் கமிட்டிக்கு சொன்ன வார்த்தை அது. ஓய்வுநாள் பாடசாலைய சபை பிள்ளைங்களுக்கு வேற நாள்ல வைங்க. வகுப்புக்கு வர்ற பிள்ளைக்கு கொப்பி குடுத்துட்டு ஞாயிறு ஆராதனைக்கு வரலையான்னு கேக்குறத நான் பார்த்திருக்கேன், அந்த ஒரு கேள்வியில அம்மாமார் பிள்ளைய நிறுத்திட்டாங்க, அவங்க செஞ்சது சரி. உதவி வேற, ஆராதனை வேற, ரெண்டையும் ஒரே பையில போட்டா ரெண்டுமே கெட்டுரும்.

6. இப்பதான் ஆராதனை

நாலாவது மாசத்துல ஆரம்பிக்கலாம். மாசத்துல ஒரு குறிப்பிட்ட ஞாயிறு, அந்தி 4 மணி மாதிரி, அங்க இருக்க சபை குடும்பங்கள்ல ஒருத்தர் வீட்டு இஸ்தோப்புல. ஒவ்வொரு மாசமும் வீட்ட மாத்துங்க. ஒரே வீட்டுல வச்சா செலவும் பேச்சும் அந்த வீட்டு மேலயே விழும்.

தேதிய சேகரத்து பிளான்ல (எந்த நாள் எங்க யாரு பிரசங்கம்னு போடுற அட்டவணையில) போட வைங்க. பிளான்ல இடம் பிடிக்காத கூட்டத்துக்கு பிரசங்கியார் வர்றது அவரவர் வசதிய பொறுத்து போயிரும், மழை பெஞ்சா வர மாட்டாங்க. பிளான்ல பேரு இருந்தா வரலன்னா மாத்தாள் போடுறது அவர் பொறுப்பு.

ஒழுங்கு ரொம்ப நீட்டாதீங்க. பாட்டு, ஜெபம், பாவ அறிக்கை, வேத வாசிப்பு, செய்தி, மன்றாட்டு, காணிக்கை, கர்த்தருடைய ஜெபம், ஆசீர்வாதம், முக்கால் மணி நேரம். நாள் முழுக்க மலை ஏறி இறங்கினவங்க, சீமெந்து தரை, குளிர்.

பாட்டு கீர்த்தனையா இருக்கட்டும். புஸ்தகம் குடுத்தா வாசிக்க தெரியாதவங்க தலை குனிஞ்சிருவாங்க, அதனால ஒருத்தர் ஒரு அடி பாட எல்லாரும் திருப்பி பாடுற மாதிரி பாடுங்க. டோலக் ஒண்ணு, கைத்தாளம் போதும். ஸ்பீக்கர் வேணாம், லயத்துல சுவத்துக்கு அந்த பக்கம் படிக்கிற பிள்ளை இருக்கு, நைட் டியூட்டி முடிச்சி தூங்குற வாச்சர் இருக்காரு.

செய்தி 12 நிமிசம். வெளியூர்ல இருந்து வர்ற பிரசங்கியாருக்கு முன்கூட்டியே சொல்லுங்க, மேடைத்தமிழ் வேணாம்னு. ஆடு மேய்ச்சல் உவமைக்கு பதிலா அங்க இருக்க வாழ்க்கையில இருந்து பேசினா புடிச்சிக்குவாங்க, கவ்வாத்து வெட்டின தேயிலை திரும்ப துளிர்க்கிறத பத்தி பேசினப்ப ஒரு ஐயா நடுவுலயே எந்திரிச்சி எத்தனை மாசத்துல துளிர்க்கும்னு திருத்தினாரு, அன்னைக்கு செய்திய அவரும் சேர்ந்துதான் முடிச்சாரு.

மன்றாட்டுல அவசரப்படாதீங்க. யாருக்கு ஜெபிக்கணும்னு கேட்டுட்டு அமைதியா இருங்க. கொழும்புல வீட்டு வேலைக்கு போன மகள், வெளிநாட்டுல இருக்க அம்மா, குளவி கொட்டி ஆஸ்பத்திரியில இருக்க பக்கத்து வீட்டு அக்கா, ஒவ்வொண்ணா வரும். அந்த பேர சொல்லி ஜெபிங்க. என்னைக் கேட்டா அந்த ஆராதனையோட உயிரே இந்த 10 நிமிசம்.

திருவிருந்து குருவானவர் வந்தாத்தான், பிரசங்கியார் நடத்தக்கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஐயாவோட தேதிய இப்பவே வாங்குங்க. அப்பத்த மூடி போட்ட டப்பாவுல கொண்டு போங்க, திறந்து வச்சா மேல போறதுக்குள்ள காஞ்சிரும். சின்ன கப் எத்தனைன்னு எண்ணி 5 கூட எடுங்க. முழங்கால் போடுற இடத்துல சாக்கு விரிங்க, முடியாதவங்கள உக்கார சொல்லி ஐயாவையே அவங்ககிட்ட போக சொல்லுங்க. ஒரு தடவை சாக்கு மறந்துட்டோம், ஒரு தாத்தா அந்த ஈர சீமெந்துல முழங்கால் போட்டுட்டு எந்திரிக்க முடியாம பக்கத்துல இருந்த பொடியன் தோள புடிச்சாரு. அதுக்கப்புறம் சாக்குதான் எங்க பட்டியல்ல முதல் சாமான்.

யாராவது ஞானஸ்நானம் கேட்டா சந்தோசப்படுங்க, ஆனா தேதி குடுக்காதீங்க. ஐயாகிட்ட சொல்லுங்க, அவர் குடும்பத்தோட பேசி ஆயத்தப்படுத்தட்டும். வீட்டுல மத்தவங்களுக்கு தெரியாம எதுவும் செய்யாதீங்க.

7. வகுப்புக் கூட்டம்

மாசத்துல ஒரு தடவை ஆராதனைக்கு வர்ற உங்களால ஒரு சபை நிக்காது. நடுவுல இருக்க வாரங்கள்ல அவங்களே கூடணும். நம்ம மெதடிஸ்த வழக்கத்துல இதுக்குத்தான் வகுப்புக் கூட்டம் இருக்கு, 12 பேர் மாதிரி ஒரு சின்ன கூட்டம், ஒரு வகுப்புத் தலைவர். தலைவரா யாரு நல்லா பேசுறாங்கன்னு தேடாதீங்க, யாரு வீட்டுக்கு கஷ்டத்துல மத்தவங்க போறாங்கன்னு பாருங்க. பெரும்பாலும் ஒரு அக்காவா இருப்பாங்க. எழுத்து வாசிப்பு குறைவுன்னா ஓ லெவல் படிச்ச ஒரு தங்கச்சிய வாசிக்க வைங்க. ஒரு பாட்டு, ஒரு பகுதி, இந்த வாரம் எப்படி போச்சுன்னு ஒவ்வொருத்தரும் பேசுறது, ஜெபம். அவ்வளவுதான்.

8. காசு

காணிக்கைய ரெண்டு பேர் எண்ணி, கொப்பியில எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு அன்னைக்கே சபை பொருளாளர்கிட்ட குடுங்க. உதவிக்காசு தனி கொப்பி. யாருக்கும் கையில கடன் குடுக்காதீங்க, குடுத்தா திருப்பி தர முடியாதவங்க உங்கள கண்டு ஒளிவாங்க, ஆராதனைக்கும் வர மாட்டாங்க.

9. மழைக்கு முன்னாடி

இது தனியா ஒரு ஊழியம்னே சொல்லலாம். மேற்கு பக்கம் மே தொடக்கம் தென்மேற்கு பருவம், பதுளை பக்கம் வருசக் கடைசியில வர்ற மழை. பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்துல 2014 அக்டோபர் 29 காலையில மண் வந்து லயங்கள மூடினத நாம மறக்க முடியாது, ஆபத்தான இடம்னு முன்னாடியே எச்சரிக்கை இருந்தும் சனங்களுக்கு போக வேற இடம் இல்ல. 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்தப்பவும் மலையகம் முழுக்க மண் சரிஞ்சிச்சு.

அதனால மழைக்கு முன்னாடி மாசத்துல உங்க கொப்பிய எடுத்து, படுக்கையில இருக்கவங்க, கர்ப்பிணிங்க, தனியா இருக்க வயசானவங்க பட்டியல் போட்டு வகுப்புத் தலைவர்கிட்ட ஒண்ணு குடுங்க. ஒவ்வொருத்தர் பேருக்கு பக்கத்துலயும் யாரு தூக்கிட்டு வர்றதுன்னு ரெண்டு பொடியன்மார் பேரு எழுதுங்க.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு எச்சரிக்கை விடும். மஞ்சள்னா கவனமா இருக்கணும், செம்மஞ்சள்னா கிளம்ப ரெடியா இருக்கணும், சிவப்புன்னா இடத்த விட்டு எந்திரிச்சிறணும். அறிவிப்பு வராட்டியும் தரையில புது வெடிப்பு, மரம் சாயிறது, கதவு திடீர்னு இறுகுறது, ஊத்து தண்ணி கலங்கி வர்றது இதுல எதை பார்த்தாலும் இறங்கிருங்க. 117 அனர்த்த முகாமைத்துவம், 1990 ஆம்புலன்ஸ், இந்த ரெண்டு நம்பரையும் லயத்து சுவத்துல பெயின்ட்ல எழுதுங்க.

கோயில் மண்டபத்துல தங்க வைக்கிறதுன்னா கமிட்டியோட இப்பவே பேசி வைங்க. நம்ம சபை மண்டபம்னா சாவி யாருகிட்ட இருக்குன்னு ராத்திரி 2 மணிக்கும் தெரியணும், ரெண்டு சாவி ரெண்டு வீட்டுல. சபை மண்டபத்துல தங்குறவங்க எல்லா மதத்துக்காரங்களும், அங்க காலை ஜெபத்துக்கு கட்டாயம் வரணும்னு யாரும் சொல்லக்கூடாது. உதவி கேட்டு டவுன்ல அறிவிக்கிறப்ப பழைய உடுப்பு வேணாம்னு சொல்லுங்க, மலையா குவிஞ்சி கிடக்கும். பெட்சீட், சானிட்டரி நாப்கின், பால்மா, மருந்து, சார்ஜ் பண்ற டார்ச், இதுதான் முதல் ராத்திரி கேப்பாங்க.

10. வருசம் முடியிறப்ப

புது வருசத்து முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனைக்கு முந்தின மாசம் உங்க 5 பேரும் வகுப்புத் தலைவரும் உக்காந்து கொப்பிய முதல் பக்கத்துல இருந்து வாசிங்க. எத்தனை அட்டை கைக்கு வந்துச்சு, எது இன்னும் ஆபிஸ்ல கிடக்கு, எந்த வீட்டுக்கு போறதா சொல்லிட்டு போகல. போகாத வீட்டுக்கு அந்த வாரமே போங்க. அடுத்த வருசம் வர முடியாத ஆள் இருந்தா லயத்துக்கு நேர்ல போய் சொல்லிட்டு, தனக்கு பதிலா வர்றவர கூட்டிட்டு போய் ஒவ்வொரு வாசல்லயும் அறிமுகப்படுத்தட்டும். முதல் தடவை பிளேன்டீ குடுத்த வீட்டுல இருந்து ஆரம்பிங்க.